‘எல்லாம் சரி’ அமுக்கிய மகனுக்கு

ஜோயல்,

நான் கூப்பிட்டால் உன் போன் அடித்து அடித்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ‘மீட்டிங்’ என்று ஒற்றை வார்த்தையில் மெசேஜ் வருகிறது. சாப்பாட்டு நேரத்திலும் மீட்டிங், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்திலும் மீட்டிங். அப்படி என்ன மீட்டிங்கோ, கர்த்தருக்கே வெளிச்சம். உன் அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். அவர் செய்யாறு கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே சொல்கிறார்: “அம்மா என்ன மாட்டி வுட்டுட்டாங்கன்னு சொல்லிகினு கீறான்.” மாட்டிவிட்டேனாம். கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் பெற்ற மகனைத் தன் முதலாளியிடம் மாட்டிவிட்ட அம்மா நான். இருக்கட்டும். போனில் பேசினாலும் நீ நடுவில் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லி முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நம் சபைப் பத்திரிகையில் கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைகளுக்குப் பெற்றோர் எழுதுகிற பக்கம் ஒன்று இருக்கிறதே, அதற்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். எல்லாரும் அதில் வசனம் எழுதி ஆசீர்வாதம் சொல்லுவார்கள், நான் சண்டை எழுதுகிறேன். பயப்படாதே, அச்சில் உன் பெயரை மாற்றிவிடுவேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஆரணியில் இருக்கும் அம்மாவின் வாழ்க்கையை முடிவு செய்கிற பிள்ளை நீ ஒருவன் மட்டுமா என்ன?

மற்றவர்களும் படிக்கப் போவதால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் வேலை பார்ப்பது ஆரணியில் ஒரு பட்டு வியாபாரியிடம். அவர் டவுனிலும் சுற்று ஊர்களிலும் நெசவாளர் வீடுகளுக்குப் பாவு என்கிற நெடுக்கு நூலும் பட்டும் கொடுத்து, சேலை நெய்து வாங்குகிறார். யாருக்கு எந்தப் பாவு போனது, எந்தத் தறியில் எந்தச் சேலை ஓடுகிறது, கூலி போய்ச் சேர்ந்ததா என்பதெல்லாம் இன்றைக்குப் போனில் தெரிந்தாக வேண்டும். அந்தப் போனுக்குப் பின்னால் ஓடுகிற புரோகிராம் முழுக்க நான் எழுதியது. நீ கைக்குழந்தையாக இருந்தபோது மார்க்கெட் ரோட்டில் கம்ப்யூட்டர் சென்டரில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். முதலாளியின் தம்பி மகன் அங்கே படித்தான். அந்த வழியாகத்தான் இந்த வேலை வந்தது. கடைக்குப் போய் ஒரு நாளும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை, ஆனாலும் முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரைக்கும் எனக்கு இன்றுவரை ‘டீச்சர்’தான். ஏபிஐ எண்ட்பாயிண்ட் என்று நீங்கள் பெரிதாகச் சொல்வது வேறொன்றும் இல்லை, ஒரு கதவு. இந்தக் கதவைத் தட்டினால் இந்த வேலை நடக்கும் என்கிற ஏற்பாடு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு பெயர் உண்டு. நான் கடையில் வாயில் பேசுகிற பேச்சையே இங்கிலீஷ் எழுத்தில் அடித்துப் பெயராக வைத்தேன். பாவு கொடுத்தால் ‘பாவு’. நெய்து முடித்த சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவந்தால் ‘அறுப்பு’. ஒரு நெசவாளர் நம்மிடம் நெய்வதை விட்டுப் போய்விட்டால் ‘வரேன்’.

இந்த ‘வரேன்’ எப்படி வந்தது என்பது உனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தும்தானே கோட்டை விட்டாய். முதலில் அந்தக் கதவுக்கு ‘குளோஸ்’ என்று பெயர் வைத்திருந்தேன். முதலாளி கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இன்னா டீச்சர் இது, ஒரு மனுசன் பேருக்குப் பக்கத்துல குளோஸுன்னு போட்டு வெச்சிகீறீங்க? பாக்க நல்லாவா கீது?” ‘நின்னுட்டார்’ என்று மாற்றட்டுமா என்றேன். காதைப் பொத்தாத குறைதான். “தறி நின்னுச்சுன்னு நாமளே வாயால சொல்லிக்கலாமா? வுட்டுட்டுப் போறவன் இன்னா சொல்லிகினு எழுந்துக்கிறான்? ‘வரேங்க’ன்னுதானே சொல்றான். அதையே போடுங்க.” நியாயமாகத்தான் பட்டது. நம் பக்கத்தில் கிளம்புகிறவன் எவன் ‘போறேன்’ என்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறான்? சாவு வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புவோம், மற்ற எல்லா இடத்திலும் வரேன்தான். நீ முதன்முதலில் ஹாஸ்டலுக்குப் போனபோது ஆரணி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி “வரேம்மா” என்றாய். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். வருகிறேன் என்று சொல்கிறவனைப் பார்த்து யாராவது அழுவார்களா? அர்த்தம் தெரிந்ததால்தான் அழுதேன்.

உன் நிச்சயதார்த்தத்துக்குச் சொல்வதற்காக என்னோடு கடைக்கு வந்தாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. முதலாளி உனக்குக் காபி வாங்கிக் கொடுத்து, பெங்களூரில் என்ன வேலை என்று விசாரித்தார். நீ சும்மா இருந்திருக்கலாம். “சார், அம்மா எழுதினது எல்லாம் அம்மா தலைக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு அம்மாவுக்கு உடம்பு முடியலன்னா என்ன பண்ணுவீங்க?” என்று ஆரம்பித்தாய். உங்கள் கம்பெனியில் ஒரு டூல் இருக்கிறது, புரோகிராமைக் கொடுத்தால் அதுவே எல்லா எண்ட்பாயிண்ட்டையும் கண்டுபிடித்து விவரம் எழுதிவிடும், அம்மா சரிபார்த்தால் போதும், அப்புறம் ஏஐ ஏஜென்ட் அந்த விவரத்தைப் படித்துப் புது ஆப்பையே எழுதிக் கொடுத்துவிடும் என்றாய். முதலாளிக்கு ‘ஏஜென்ட்’ என்றால் நூல் ஏஜென்ட்தான். “கமிஷன் எவ்ளோ கேக்கும்பா?” என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய், நானும் சிரித்தேன். ஆனாலும் இருபது வருடத்துக்கு மேல் அந்த அறையில் உட்கார்ந்த எனக்கு, என்னை நாற்காலியை விட்டு எழுப்புகிற பேச்சு எது என்று தெரியாதா? முதலாளிக்கு எதிரில் மகனைத் தடுத்துப் பேச வாய் வரவில்லை. அவ்வளவு பெருமையாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளி என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “டீச்சர், கல்யாணம் முடிஞ்சதும் நீங்க ரெஸ்ட் எடுத்துக்கங்க. எவ்ளோ நாளிக்கு இப்டியே கண்ணக் கெடுத்துகினு இருப்பீங்க? புள்ளதான் கூட்டிகினு போறேன்னு சொல்லிச்சே.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்போது சொன்னாய்? என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவரிடம் சொல்லியிருக்கிறாய். நீங்கள் இருவரும் பேசி, நல்ல மனதோடு, என்னைப் பேக் பண்ணி வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு வீடியோ காலில் பெங்களூர்ப் புது வீட்டைக் காட்டினாய். “இது உங்க ரூம்மா” என்றாய். கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, சுவரில் வசனம் எழுதிய படம் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் ஜன்னல் இருந்தது. மேஜை இல்லை. எங்கே உட்கார்ந்து வேலை செய்வேன் என்று கேட்டேன். “இனிமே எதுக்கும்மா உங்களுக்கு வேலை?” என்றாய். அப்பா ரிடையர் ஆகிற வரைக்கும் வாராவாரம் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போவாராம், அதையும் நீயே திட்டம் போட்டு வைத்திருந்தாய். அவர் போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “ரூம் நல்லாத்தான் கீது” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

அதற்கு அப்புறம் நான் இருந்த இருப்பை நீ தெரிந்துகொள்ள வேண்டும். முதலாளி சம்மதித்து வாங்கிவிட்ட உங்கள் டூலில் ஒவ்வொரு கதவின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு பெட்டி. இது என்ன செய்கிறது, யார் தட்டலாம், எங்கே தப்பு வரும் என்று எழுத வேண்டும். டூல் தன் யூகத்தை அதில் சாம்பல் நிறத்தில் எழுதி வைத்திருக்கும். சரியாக இருந்தால் ‘சரி’ என்று அமுக்க வேண்டும், இல்லாவிட்டால் திருத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே பெரிதாக ‘எல்லாம் சரி’ என்று ஒரு பொத்தான். நான் அந்தப் பக்கம் விரலைக்கூடக் கொண்டுபோனதில்லை. பெட்டி பெட்டியாகப் போனேன், மெதுவாகத்தான் போனேன், வேண்டுமென்றேதான் மெதுவாகப் போனேன். ஒரு பெட்டியை நிரப்பினால் அந்தக் கதவு என் கையை விட்டுப் போகிறது. நிரப்பாமல் இழுத்தடித்தால் உன் பெயர் கெடுகிறது, ‘எங்கம்மாதான் பண்றாங்க, ஜல்தியா முடிஞ்சிடும்’ என்று உன் மேனேஜரிடம் நீ வாக்குக் கொடுத்து வைத்திருக்கிறாய். கடையில் இருந்தால் முதலாளி பிரியமாக “எதுவரைக்கும் வந்திச்சு டீச்சர்?” என்கிறார். வீட்டுக்கு வந்தால் நீ போனில் “எவ்ளோ முடிஞ்சுதும்மா?” என்கிறாய்.  யாரிடம் போய்ச் சொல்வது? ‘மகன் கூட்டிக்கொண்டு போகிறான், முதலாளி ஓய்வெடுக்கச் சொல்கிறார், ஐயோ கஷ்டம்’ என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? உன் அத்தை அதைத்தான் செய்தாள். “குடுத்து வெச்சவங்க அண்ணி நீங்க” என்றாள்.

உன் மேனேஜர் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று சொன்னது எனக்குத் தெரியாது. நீ பெங்களூரில் இருந்தபடியே உள்ளே நுழைந்து, மிச்சம் இருந்த பெட்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘எல்லாம் சரி’யை அமுக்கிவிட்டாய். அதில் ‘வரேன்’ பெட்டியும் இருந்தது. டூல் அங்கே என்ன யூகித்து வைத்திருந்தது தெரியுமா? ‘நெசவாளர் வேலைக்கு வருவதைப் பதிவு செய்கிறது.’ டூலை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே அந்தக் கதவு செய்வது ஒரே ஒரு காரியம், ஆளின் நிலையை ஏழு என்று மாற்றும். ஏழு என்றால் என்ன என்று நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. சாயங்காலம் ஓடுகிற வேறொரு புரோகிராம் அந்த ஏழாம் எண்ணைப் பார்த்ததும் கணக்கை முடித்து, பாவைத் திருப்பித் தரச் சொல்லி மெசேஜ் அனுப்பி, அதை எடுத்துவரக் கடையிலிருந்து ஆளையும் அனுப்பச் சொல்லும். டூல் பாவம், வரேன் என்றால் வருகிறான் என்று நினைத்துக்கொண்டது. நீ எப்படி நினைத்தாய்? ஆரணி பஸ் ஸ்டாண்டில் எத்தனை தடவை அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு என்னை விட்டுப் போனவன் நீ. படித்துப் பார்த்திருந்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும். படிக்கவே இல்லை, அதுதான் விஷயம்.

ஏஜென்ட் அதை நம்பி, நெசவாளர்களுக்கான புது ஆப்பில் பச்சை நிறத்தில் ‘வரேன்’ என்று ஒரு பொத்தான் செய்து வைத்தது, காலையில் தறியில் உட்கார்ந்ததும் அமுக்க வேண்டுமாம். சோதனைக்கு முதலில் கொடுத்த சிலரில் செல்வியும் ஒருத்தி, முதல் ஆளாக அதை அமுக்கியதும் அவளே. செல்வியை உனக்கு நினைவிருக்கும், உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்து மணப்பெண் பிரிசில்லாவின் சேலையைப் புரட்டிப் பார்த்து, “இது நம்மளுது இல்ல, எங்க வாங்கனீங்க?” என்று சம்பந்தி வீட்டாரையே குறுக்கு விசாரணை செய்தாளே, அவள்தான். அமுக்கிய மறுநாள் காலையில் சந்தவாசல் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே என் அறைக்கு வந்தாள். எதற்கும் கலங்காதவள், போனை என் மேஜைமேல் வைத்துவிட்டு அழாத குறையாகக் கேட்டாள். “நான் இன்னா டீச்சர் தப்பு பண்ணேன்? தறில குந்தினதும் அமுக்கச் சொன்னாங்க, அமுக்கினேன். பொழுது சாஞ்சதும் கணக்கு முடிஞ்சிச்சு, பாவைத் திருப்பிக் குடுன்னு மெசேஜு வருது. விடிஞ்சா பாவு எடுத்துகினு போறதுக்கு வாசல்ல ஆளு வந்து நிக்கிறான். பாதிச் சேல தறில கீது டீச்சர். அக்கம்பக்கத்துல எல்லாம் வேடிக்க பாக்கறாங்க. நான் பட்டத் திருடிட்டேன்னு நெனைக்க மாட்டாங்க?” சத்தம் கேட்டு முதலாளி வந்தார், கடைப் பையன்களும் வந்து நின்றார்கள். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நல்ல மனிதர்தான், ஆனாலும் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: “பாத்து அமுக்கக் கூடாதாம்மா? கண்டதையும் அமுக்கினா இப்டித்தான்.”

அந்த இடத்தில் நிறுத்தி யோசித்துப் பார், ஜோயல். செல்வி தலை குனிந்துகொண்டாள். தான்தான் எதையோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று நம்பத் தொடங்கிவிட்டாள். ‘சிஸ்டம் தப்பு’ என்று நான் சொல்லியிருக்கலாம், யாருக்கும் சேதம் இருந்திருக்காது. ஆனால் முதலாளியும் கடையில் இருக்கிறவர்களும், படிக்காத பொம்பளை எதையோ அமுக்கிவிட்டாள் என்றுதான் காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் அமுக்கினேன் என்று என் தலையில் போட்டுக்கொண்டிருக்கலாம், அம்மாக்கள் அதைத்தான் செய்வார்கள் என்று நீயும் எதிர்பார்த்திருப்பாய். எனக்கு அந்த நேரத்தில் கோபம்தான் வந்தது. உன்மேல், முதலாளிமேல், உங்கள் இரண்டு பேருடைய நல்ல மனதின்மேல். “செல்வி ஒண்ணும் தப்பா அமுக்கல சார். ஜோயல்தான் படிக்காம அமுக்கிட்டான். எல்லாத்துக்கும் சேத்து ஒரே அமுக்கா அமுக்கிட்டான்” என்றேன். செல்வி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் வருத்தப்படவில்லை, சொன்னதற்காகவும் வருத்தப்படவில்லை. முதலாளி உங்கள் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தியதற்கும், உன் மேனேஜர் எல்லார் முன்னாலும் உன்னைக் கேட்டதற்கும் வருத்தப்படுகிறேன். உனக்கு வலித்திருக்கும். எனக்கும் வலித்தது, ஆனாலும் மறுபடியும் அப்படி நின்றால் அதையேதான் சொல்வேன்.

செல்வியை மறுபடி உள்ளே கொண்டுவரப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, விட்டுப் போனவர்கள் திரும்பி வருவதற்கு நான் ஒரு கதவே வைக்கவில்லை. புது ஆளாகச் சேர்த்தால் அவள் இத்தனை வருடம் நெய்த கணக்கு போய்விடும், தீபாவளி போனஸ் போய்விடும். அன்றைக்கு முதல் தடவையாக அந்த ஏஜென்ட்டிடம் மனம்விட்டுப் பேசினேன். ஏழு என்றால் என்ன, வரேன் என்றால் என்ன, எங்கள் ஊரில் யாரும் ஏன் போகிறேன் என்று சொல்வதில்லை என்று தமிழிலேயே அடித்துச் சொன்னேன். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அது ‘வந்துட்டேன்’ என்று ஒரு புதுக் கதவு எழுதிக் கொடுத்தது. வரி வரியாகப் படித்தேன், ஒரு தப்பும் இல்லை. நான் யோசிக்காத ஒன்றைக்கூடக் கேட்டது: விட்டுப் போன ஆளின் தறி எண்ணை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்திருந்தால் என்ன செய்யட்டும் என்று. செல்வியின் கணக்கு திரும்பி வந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பேஜாராகவும் இருந்தது. நான் சரியாகச் சொன்னால் அது சரியாகச் செய்கிறது. அது முட்டாளாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஆனால் முதலாளி மாறிவிட்டார். “டீச்சர் இல்லாம இங்க ஒரு துரும்பும் அசையாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். நான் ஆசைப்பட்டது இதைத்தானே என்று நீ கேட்பாய். நானும் கொஞ்ச நேரம் குளிர்ந்துதான் போனேன். அப்புறம் அவர் சொன்னார்: “கல்யாணத்தன்னிக்கும் போன ஆன்ல வெச்சிக்கங்க டீச்சர். கோயில்ல இருந்தாலும் பரவால்ல, சைலன்ட்ல போட்டுக்கங்க.” எனக்கு நம் பக்கத்துச் சமணர் மலையான திருமலை ஞாபகம் வந்தது. உன் பள்ளிக்கூட லீவில் மூன்று பேரும் போனோமே, பாதி மலை ஏறும்போது கடையிலிருந்து போன் வந்தது. நீயும் அப்பாவும் மேலே போய்க் குகைக்குள் சித்திரம் எல்லாம் பார்த்துவிட்டு வந்தீர்கள். நான் சிக்னல் தேடிக் கீழே இறங்கி, வெயிலில் ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டு, ‘அந்த ஒயரைப் பிடுங்கி மாட்டுங்க, இல்ல, இன்னொரு ஒயர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஓடிவந்து, “அம்மா, தாமரக் கொளம் வரஞ்சிருக்காங்கம்மா” என்றாய். அதை நான் இன்றுவரை பார்க்கவில்லை. இனி உன் கல்யாணத்தில் நீ பிரிசில்லாவின் கையைப் பிடித்து உறுதி சொல்லும்போதும் என் பைக்குள் அந்தப் போன் அதிர்ந்துகொண்டிருக்கும். எழுதிக் கொடுத்தால் வெளியே தள்ளுவார்கள், எழுதாவிட்டால் வெளியே விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் பூட்டு, இரண்டு சாவியும் என்மேல் பிரியமாக இருக்கிறவர்கள் கையில்.

அதனால் எழுதிவிட்டேன். மிச்சம் இருந்த பெட்டிகள், நீ அமுக்கிவிட்ட பெட்டிகள், எல்லாவற்றையும் திறந்து ஒவ்வொன்றாக எழுதினேன். ஏழு என்றால் என்ன, ஆறு என்றால் என்ன, மழைக்காலத்தில் பாவு ஈரம் இழுத்தால் ஏன் நாள் தள்ளிப் போட வேண்டும், ஒரே தெருவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் எப்படிப் பிரிப்பது என்று ஒன்று விடாமல் எழுதினேன். மெதுவாக இல்லை, என் வேகத்தில் எழுதினேன். எழுத எழுத ஒன்று புரிந்தது, அதை உனக்குக் கல்யாணப் புத்தியாகச் சொல்கிறேன். நீயும் என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் யூகத்தை எழுதி வைத்திருக்கிறாய்: ‘அம்மாவுக்கு ஓய்வு வேண்டும்.’ என்னிடம் காட்டாமலே சரி என்று அமுக்கிவிட்டாய். பிரிசில்லாவுக்கும் அப்படியே செய்கிறாய், எனக்குத் தெரியும். வீடு உன் ஆபீசுக்குப் பக்கத்தில், அவள் ஆபீசுக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். “பரவால்ல ஆண்ட்டி, அவருக்குக் கிட்டக்க இருக்கட்டும்னு” என்று என்னிடம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பை நானும் நிறையத் தடவை சிரித்திருக்கிறேன், உன் எதிரிலேயே, முதலாளி வாங்கிக் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு. அவளிடம் கேள். கேட்டுவிட்டு, பதில் சொல்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இரு. நீ கெட்டவன் இல்லையடா, கண்ணு. உனக்குப் பொறுமை இல்லை, அவ்வளவுதான். பிரியமும் அவசரமும் ஒன்றாகச் சேர்ந்தால் எதிரில் இருக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

எல்லாம் முடித்ததும் நேற்று, சனிக்கிழமை, முதலாளி அறைக்குப் போனேன். “சார், எல்லாம் எழுதியாச்சு. இனிமே நான் இல்லன்னாலும் நடக்கும். கல்யாணத்தன்னிக்கு என் போன் ஆஃப்ல இருக்கும்” என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். நான் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன்: “ஆனா நான் ரெஸ்ட் எடுக்கப் போறதில்ல. பெங்களூருக்கும் போகப் போறதில்ல. உங்க பவர்லூம் பக்கத்துக்கு இன்னும் புரோகிராமே இல்ல, எல்லாம் வாய்க்கணக்கா ஓடிகினு இருக்குது. அத நான் செய்யறேன். அந்த ஏஜென்ட்ட வெச்சிகினு நானே செய்யறேன். எனக்கு வேல வேணும் சார்.” இவ்வளவு வருடத்தில் அவரிடம் நான் எனக்கு வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை.  அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, பவர்லூம் கணக்கு அவருக்கு நாள்பட்ட தலைவலி. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார், வாயைத் திறந்தார், அப்புறம் என்ன நினைத்தாரோ, மறுபடி சாய்ந்துகொண்டார். தன்மையாகத்தான் சொன்னார்: “செய்யலாம் டீச்சர். எதுக்கும் புள்ளய ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லுங்க.”

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் உன் அப்பா, “அப்பன்னா ஜோயல ஒரு போன் போடச் சொல்றேன், முடிஞ்சிது” என்றார். நீயும் அதைத்தான் செய்வாய், உன்னை எனக்குத் தெரியாதா? இதைப் படித்ததும் உனக்குக் கண் கலங்கும், உடனே போனை எடுத்து அவரைக் கூப்பிட்டு, ‘சார், அம்மா ஆசப்படறாங்க, வேலை பார்க்கட்டும்’ என்று பெரிய மனதோடு சொல்லுவாய். சொல்லாதே. வேண்டாம் என்றும் சொல்லாதே, சரி என்றும் சொல்லாதே. நீ சொல்லி எனக்குக் கிடைத்தால் அது நீ கொடுத்த வேலை, நாளைக்கு நீயே நிறுத்திக்கொள்ளலாம். நான் உன்னைக் கேட்கவில்லை, கேட்டதாக அவரிடம் சொல்லப் போவதும் இல்லை. நாளைக்குக் காலையில் நான் கடைக்குப் போய் என் நாற்காலியில் உட்காருவேன். எழுந்துபோகச் சொல்ல வேண்டுமானால், அவர் என் முகத்தைப் பார்த்து என்னிடம் சொல்லட்டும்.

அம்மா